ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு

சான் ஃபிரான்சிஸ்கோவில் நோ வேலி என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஏற்ற இறக்கமான தெருக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய மரவீடுகள். ஒரு சுமாரான வீட்டின் விலையே 20 லட்சம் டாலரைத் தொடும். குழந்தை வண்டி தள்ளும் இளம் பெற்றோர் மிகுந்திருப்பதால் அந்த வண்டியின் பெயராலேயே அப்பகுதியை வேடிக்கையாக அழைப்பதுண்டு. அதன் நடுவில் ஜேம்ஸ் லிக் நடுநிலைப் பள்ளி நிற்கிறது. அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் வகுப்பறைகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். பலர் வேறு பகுதிகளிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள். வடக்கே கடலைப் பார்த்தபடி இருக்கும் மரினா பகுதியும் செல்வர் பகுதிதான். அங்குள்ள மரினா நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலமாகச் சீன வம்சாவளிப் பிள்ளைகளே அதிகம். சுற்றியுள்ள மாடவீடுகளின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நம்மூரில் நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கும். அமெரிக்க வழக்கம் வேறு. ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கு மட்டும் தனிப் பள்ளி. பதினொரு வயதுப் பிள்ளை தனக்குப் பழகிய ஒற்றை ஆசிரியரையும் ஒற்றை வகுப்பறையையும் விட்டுவிட்டு, பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணியடித்தால் வேறு அறை என்கிற உலகத்துக்குள் போகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இத்தகைய அரசு நடுநிலைப் பள்ளிகள் 13. மழலையர் வகுப்பு முதல் எட்டு வரை ஒன்றாக நடக்கும் அரசுப் பள்ளிகள் 8.

இந்த நகரத்தின் பரப்பு 121 சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8,73,965. குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் ஒன்றேகால் லட்சம் டாலருக்கு மேல். மக்களில் 18 வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 13 சதவீதம் மட்டுமே. அமெரிக்கப் பெருநகரங்களில் இவ்வளவு குறைவாகக் குழந்தைகள் உள்ள ஊர் வேறில்லை. அந்தச் சிறு எண்ணிக்கையிலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் தனியார் பள்ளிகளுக்குப் போகிறது. கலிஃபோர்னியா மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் தனியாருக்குப் போவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. நகரத்தின் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. 1960களின் இறுதியில் 90,000 பேர் படித்த நகரத்தின் அரசுப் பள்ளிகளில் இன்று 50,000க்கும் குறைவானவர்களே படிக்கிறார்கள். 2012க்குப் பிறகு மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் குறைந்திருக்கிறார்கள்.

இந்தக் கசிவு எல்லா வகுப்பிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. தொடக்கப் பள்ளியில் வசதியுள்ள குடும்பங்கள் ஓரளவு நிலைத்து நிற்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகம் நிதி திரட்டுகிறது. சில பள்ளிகளில் அது ஆண்டுக்குச் சில லட்சம் டாலர். ஊரின் மறுகோடியில் உள்ள பள்ளியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் ஓவிய ஆசிரியரும் தோட்டமும் நூலக உதவியாளரும் வருகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவிடும்போது மற்றப் பெற்றோரோடு வாசலில் நின்று பேசலாம். ஐந்தாம் வகுப்பு வந்ததும் இந்தப் பிணைப்பு அறுகிறது. தனியார் பள்ளிகளும் ஆறாம் வகுப்பில் புதிய இடங்களைத் திறக்கின்றன. அந்த ஆண்டு முழுக்க வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: அடுத்து எங்கே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக்கு முன்பே தொடங்கிய வழக்கு வரலாறு இருக்கிறது. 1971இல் கூட்டாட்சி நீதிபதி ஸ்டான்லி வைகல், நகரின் தொடக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கும்படி உத்தரவிட்டார். பிள்ளைகள் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சீனப் பெற்றோரில் பலர் இதை ஏற்கவில்லை; சைனாடவுனில் தாங்களே பள்ளிகளைத் தொடங்கி நடத்தினார்கள். 1974இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், ஆங்கிலம் தெரியாத பிள்ளையை ஆங்கில வகுப்பில் உட்காரவைத்துவிட்டு எந்த உதவியும் செய்யாமலிருப்பது சம வாய்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் இந்த நகரத்தின் வழக்குதான். 1983இல் கறுப்பின மக்களின் அமைப்பு தொடுத்த வழக்கு சமரசத் தீர்ப்பில் முடிந்தது: பெரும்பாலான பள்ளிகளில் எந்த ஓர் இனமும் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பால் இடம் மறுக்கப்பட்ட சீன வம்சாவளிக் குடும்பங்கள் 1994இல் வழக்குப் போட்டன. 1999 சமரசத்துக்குப் பிறகு இனத்தை அளவுகோலாகக் கொண்டு பள்ளி ஒதுக்குவது நின்றது.

இரு தரப்பின் நியாயத்தையும் மறுக்க எனக்கு மனமில்லை. கறுப்பினப் பெற்றோர் கேட்டது, தங்கள் பிள்ளைகளும் நல்ல பள்ளியில் உட்கார வேண்டும் என்பது. சீனப் பெற்றோர் கேட்டதும் அதுவேதான். இரு தரப்புக்கும் போதுமான நல்ல பள்ளிகளை நகரம் உருவாக்கவில்லை. இருந்ததைப் பங்கிடும் முறையை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

அந்தப் பங்கீட்டு முறை இப்போது குலுக்கல் வடிவில் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் தொடங்கும். பெற்றோர் தங்கள் விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பவர் அதிகமாகவும் இடம் குறைவாகவும் இருந்தால் முன்னுரிமை விதிகள் வேலை செய்யும்: அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீடு தேர்ச்சி குறைந்த வட்டாரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மிச்சத்தைக் கணினி குலுக்கும். 2011 முதல் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு அந்த நடுநிலைப் பள்ளியில் முன்னுரிமை உண்டு. நண்பர்கள் சேர்ந்தே போகலாம் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம். மார்ச் மாதம் முடிவு வரும். கையில் பணமிருக்கும் குடும்பம் அதற்குள் தனியார் பள்ளியிலும் விண்ணப்பித்து வைத்திருக்கும். பணமில்லாத குடும்பத்துக்கு வந்த கடிதமே விதி.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது ஃப்ரீமாண்ட், கூப்பர்ட்டினோ என்று தெற்கே நகர்வதற்கும் இது ஒரு காரணம். அங்கே முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. வாடகையோடு பள்ளியும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் அந்தக் கூப்பர்ட்டினோவிலும் மாணவர் எண்ணிக்கை சரிந்து, 2022இல் தொடக்கப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. தேர்ச்சியில் மாநிலத்தின் உச்சியில் இருந்த பள்ளிகள் அவை. சிறு குழந்தைகளுள்ள இளம் குடும்பம் அங்கே வீடு வாங்க முடியாத நிலை வந்துவிட்டது. மாணவர் குறைவை வைத்து ஒரு பள்ளியின் தரத்தை எடைபோடுவோர் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

தேர்ச்சிக்கு வருவோம். மாநிலத் தேர்வில் சான் ஃபிரான்சிஸ்கோ அரசுப் பள்ளிகளின் மொத்தச் சராசரி கலிஃபோர்னியாவின் சராசரியைவிட மேலானது. இதைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களே வியப்படைவார்கள். ஆனால் சராசரிக்கு அடியில் ஒரு பிளவு இருக்கிறது. ஆசிய வம்சாவளி மாணவர்களில் பெரும்பான்மையோர் கணிதத்தில் வகுப்புக்குரிய நிலையை எட்டுகிறார்கள். கறுப்பின மாணவர்களில் அந்நிலையை எட்டுவோர் ஏறத்தாழ பத்தில் ஒருவர். இது ஓர் ஆண்டின் விபத்து இல்லை. பல ஆண்டுகளாகத் தொடர்வது. 2022இல் கல்வி வாரியம் தனக்கு இலக்குகள் வகுத்துக்கொண்டபோது அவற்றில் ஒன்று எட்டாம் வகுப்புக் கணிதத்தைப் பற்றியது. 2022 ஜூனில் வகுப்புக்குரிய நிலையில் இருந்தவர்கள் 42 சதவீதம். 2027 ஜூனுக்குள் அதை 65 ஆக்க வேண்டும் என்பது இலக்கு.

ஒரு பள்ளியின் சதவீதத்தை எப்படிப் படிப்பது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு பள்ளிக்கு 100 பேர் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அவர்களில் 60 பேர் கணிதத்தில் தேறக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வசதியுள்ள 20 பேர் தனியாருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் 17 பேர் தேறக்கூடியவர்கள். மீதமிருக்கும் 80 பேரில் தேறுவோர் 43. பள்ளியின் தேர்ச்சி 60இலிருந்து 54 ஆக இறங்கிவிடும். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை, உள்ளே இருக்கும் எந்தப் பிள்ளையும் முன்பைவிடக் குறைவாகக் கற்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் இணையத்தில் 54 என்ற எண்ணைப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் போவார்கள். வெளியேறியவர்களின் மதிப்பெண்ணை, உள்ளே இருப்பவர்களின் குறையாகப் படிப்பது பெரும் அநீதி. செல்வம் மிகுந்த நகரத்தில் இந்த அநீதி விரைவாக நடக்கிறது, வெளியேறும் வசதி பலருக்கும் இருப்பதால்.

இனி அல்ஜீப்ரா. அமெரிக்க நடுநிலைப் பள்ளி பற்றிய எந்த விவாதமும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். மாதக் கட்டணம் 20 டாலர், ஒவ்வொரு ஜிபிக்கும் 3 டாலர், மொத்த பில் 44 டாலர் என்றால் எத்தனை ஜிபி பயன்படுத்தினோம்? இத்தகைய நேர்கோட்டுச் சமன்பாடுகள் எட்டாம் வகுப்பின் பொதுப் பாடத்திலேயே உண்டு. அதைத் தாண்டி இருபடிச் சமன்பாடு வரை போவது அல்ஜீப்ரா 1. கலிஃபோர்னியா ஒருகாலத்தில் எட்டாம் வகுப்பிலேயே அதை எடுக்கும்படி பிள்ளைகளைத் தள்ளியது. அடித்தளம் இல்லாமல் உள்ளே போனவர்கள் தோற்று, அதே பாடத்தை மறுபடி எடுத்தார்கள். அவர்களில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் அதிகம். 2014இல் சான் ஃபிரான்சிஸ்கோ எதிர்த்திசையில் திரும்பியது. நடுநிலைப் பள்ளியில் எவருக்கும் அல்ஜீப்ரா 1 கிடையாது. எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் எடுக்க வேண்டும். திறமைவாரியாகப் பிரிக்காமல் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள்.

அக்கறையிலிருந்து பிறந்த முடிவு அது. பத்து வயதிலேயே ‘நீ கணக்கு வராத பிள்ளை’ என்று முத்திரை குத்தி வேறு அறைக்கு அனுப்புவதன் வலியை அறிந்தவர்கள் எடுத்த முடிவு. விளைவுதான் வேறாக அமைந்தது. ஒன்பதில் அல்ஜீப்ரா, பத்தில் வடிவியல், பதினொன்றில் அல்ஜீப்ரா 2 என்று போனால், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம் மிச்சமிருப்பதால் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் எடுக்க முடியாது. நடுவில் இரண்டு பாடங்களை ஓராண்டில் அடைக்க வேண்டும், அல்லது ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கணிதப் பாடங்கள் எடுக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் கோடை விடுமுறையில் வெளியே பணம் கட்டி அல்ஜீப்ராவை முடித்துக்கொண்டார்கள். சிலர் அதை அளிக்கும் தனியார் நடுநிலைப் பள்ளிக்கே போய்விட்டார்கள். மிஷன் பகுதியில் இரண்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளை, கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அரசுப் பள்ளியில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டது.

அல்ஜீப்ரா 1-ஐ மறுபடி எடுப்போர் விகிதம் 40 சதவீதத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது என்று கல்வி நிர்வாகம் பெருமையோடு சொன்னது. அடுத்த வகுப்புக்குப் போக முன்பு தேவைப்பட்ட ஒரு தேர்வு நீக்கப்பட்டதே அந்த இறக்கத்துக்குக் காரணம் என்று பெற்றோர் குழு ஒன்று ஆவணங்களை எடுத்துக் காட்டியது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுகளை முழுமையாக அலசினார்கள். உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலைக் கணிதம் எடுப்போர் தொடக்கத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருந்தார்கள். எந்த இன இடைவெளியைக் குறைப்பதற்காக இது கொண்டுவரப்பட்டதோ, மேல்நிலைக் கணிதத்தில் அந்த இடைவெளி குறையவில்லை. 2024 மார்ச்சில், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வேண்டும் என்ற அறிவுரைத் தீர்மானம் நகர வாக்காளர்கள் முன் வந்தது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அவ்வாண்டே சில பள்ளிகளில் சோதனை முறையில் பாடம் திரும்பியது.

பத்தாண்டு வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறையில் ஒரு பிழை இருந்தது: ஆறாம் வகுப்பில் பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் ஆசிரியரும் தருவது செலவு பிடிக்கும் வேலை, எட்டாம் வகுப்பில் ஒரு பாடத்தை எடுத்துவிடுவது செலவில்லாத வேலை. நகரம் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நம்பிக்கொண்டது.

பணமே காரணம் என்பவர்களுக்கு இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்துக் காட்ட விரும்புகிறேன். 2010இல் மிகக் குறைந்த தேர்ச்சி கொண்டவை என்று மாநிலம் அடையாளம் கண்ட பள்ளிகளில் பத்து இந்த நகரத்தில் இருந்தன. எவரெட் நடுநிலைப் பள்ளி ஒன்று. பேவியூ பகுதியில் முன்னாள் மேயர் வில்லி பிரவுனின் பெயர் தாங்கிய பள்ளி இன்னொன்று. எவரெட் உள்ளிட்டவற்றுக்குக் கூட்டாட்சி அரசின் சீரமைப்பு நிதி மூன்றாண்டுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சி, கூடுதல் கற்பிக்கும் நேரம், குடும்பங்களோடு தொடர்பு என்று அது செலவானது. அந்தப் பள்ளிகளை மொத்தமாக ஆராய்ந்தவர்கள், தேர்ச்சி உயர்ந்ததையும், காரணமில்லாமல் பள்ளிக்கு வராமல் போவது குறைந்ததையும், நல்ல ஆசிரியர்கள் தங்கியதையும், அப்பள்ளிகளைக் கேட்டு விண்ணப்பிக்கும் பெற்றோர் கூடியதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

பிரவுன் பள்ளி 2011இல் மூடப்பட்டது. இடித்துவிட்டு 5.4 கோடி டாலரில் புதிய கட்டடம் எழுப்பி 2015 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆய்வுக்கூடங்கள், கணினிகள், வெளிச்சம் நிறைந்த வகுப்பறைகள், எதற்கும் குறைவில்லை. மூன்றாண்டும் அங்கே படித்தால் உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்கும்போது முன்னுரிமை என்ற வாக்குறுதியும் இருந்தது. அதை நம்பி ஊரின் மறுபக்கத்திலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆனால் கட்டடத்துக்குக் கொடுத்த காலத்தை ஆசிரியர் குழுவை உருவாக்கக் கொடுக்கவில்லை. திறந்த இரண்டு மாதத்துக்குள் தலைமையாசிரியர் விலகினார். ஆசிரியர்களும் அடுத்தடுத்துப் போனார்கள். வகுப்பறைகளில் ஒழுங்கு குலைந்தது. போக இடமிருந்தவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பேவியூ பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பள்ளி பின்னர் நிமிர்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

தொழில்நுட்பச் செல்வமும் வராமல் போகவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் அறக்கட்டளை 2013 முதல் இந்நகரத்தின் நடுநிலைப் பள்ளிகளுக்கென்றே நிதி தந்தது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர், எதற்கென்று அவரே தீர்மானிக்கலாம். எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைச் சிறியதாக்கவும் அப்பணம் உதவியது. பள்ளிக்குள் என்ன தேவை என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பறைக்கு வெளியே இருக்கும் நகரத்தை எந்தத் தலைமையாசிரியரும் மாற்ற முடியாது. மிஷன் பகுதியின் புவேனா விஸ்டா ஹொரேஸ் மான் பள்ளியில், வீடில்லாத மாணவர் குடும்பங்கள் பலவாகிவிட்டதால், 2018இல் இரவு நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்தையே தங்குமிடமாகத் திறந்துவிட்டார்கள். மாலையில் படுக்கை விரித்து, காலையில் பிள்ளைகள் விளையாட வருவதற்குள் சுருட்டி எடுத்துவைத்துவிட வேண்டும். முந்தின இரவு அந்தக் கூடத்தில் தூங்கி எழுந்த பிள்ளைதான் காலை ஒன்பது மணிக்குப் பின்னக் கணக்கு போடுகிறது. அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் பள்ளியின் சராசரியில் சேருகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த இலையுதிர் காலத்திலேயே பல தனியார் பள்ளிகள் அனுமதி பெற்று வகுப்புகளைத் திறந்துவிட்டன. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2021 ஏப்ரலில் திரும்பத் தொடங்கினார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு 2021 ஆகஸ்ட் வரை வகுப்பறை கிடையாது. அதே காலத்தில் கல்வி வாரியம் 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவது பற்றி வாக்களித்துக்கொண்டிருந்தது. பின்னர் அதைக் கைவிட்டது. 2022 பிப்ரவரியில் வாக்காளர்கள் வாரிய உறுப்பினர் மூவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்; மூவருக்கும் எதிராக மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வாக்கு விழுந்தது. அவ்வாண்டே புதிய சம்பள மென்பொருள் குழறுபடியால் ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளம் சரியாக வரவில்லை. நிர்வாக அலுவலகத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்து போராடினார்கள். வீட்டு வாடகை இவ்வளவு உயர்ந்த ஊரில் ஒரு மாதச் சம்பளம் தவறினால் ஓர் ஆசிரியர் ஊரைவிட்டே போய்விடக்கூடும்.

2024 அக்டோபரில் மூடவோ இணைக்கவோ வேண்டிய பள்ளிகளின் பட்டியல் வெளியானது. பெற்றோர் கொதித்தார்கள், மேயர் தலையிட்டார், கண்காணிப்பாளர் பதவி விலகினார், பட்டியல் நிறுத்திவைக்கப்பட்டது. பள்ளி நிர்வாகத்தின் நிதிப் பற்றாக்குறை அப்படியே இருந்தது; அடுத்த ஆண்டுக்கு அது 11 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு மாணவர் குறைந்தால் அவர் பெயரில் வரும் பணமும் குறையும். ஆனால் கூரையும் காவலாளியும் தலைமையாசிரியரும் அப்படியே தேவைப்படுவார்கள். ஆகவே பள்ளிகளை இணைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எந்தப் பள்ளியை என்று வரும்போதுதான், ஏற்கெனவே ஆட்கள் வெளியேறிய பள்ளி, ஏற்கெனவே ஏழைப் பிள்ளைகள் மிஞ்சிய பள்ளி என்று பட்டியல் தானாகவே எழுதிக்கொள்கிறது.

ஒரு நடுநிலைப் பள்ளியைப் பற்றி அறிய விரும்பும் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், தலைமையாசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், கணித ஆசிரியர்களில் சென்ற ஆண்டு இருந்தவர்கள் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள், ஆறாம் வகுப்பில் சேரும்போது பின்தங்கியிருந்த பிள்ளைகள் எட்டில் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளி செய்த வேலை அந்தப் பதில்களில்தான் தெரியும்.

2022 ஜூனில் எட்டாம் வகுப்பை முடித்தார்களே, கணிதத்தில் 42 சதவீதம் என்று கணக்கில் ஏறிய அந்தப் பிள்ளைகள், அவர்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோதுதான் பள்ளிகள் மூடப்பட்டன. ஏழாம் வகுப்பு முழுவதையும் அவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் ஒரு திரைக்கு முன்னால் படித்தார்கள். நடுநிலைப் பள்ளி என்று அவர்களுக்குக் கிடைத்தது ஆறாம் வகுப்பில் ஏழு மாதங்களும் எட்டாம் வகுப்பும் மட்டுமே.